சனிக்கிழமைப் பச்சை

கண்ணாடி ஜாடியில் விரிசல் விழுந்தது என் கையால்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்டதால் வந்ததுதான் மற்றதெல்லாம்.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் இருபத்து மூன்று வருசம் பஞ்சு பொறுக்கினேன். மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகு அங்கே முடியவில்லை. பொறவு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் காண்ட்ராக்டில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு விழுந்தது இரண்டாம் மாடியில் இயற்பியல் லேப். கூட்டுவது, துடைப்பது, கண்ணாடிச் சாமான் கழுவுவது. படித்தது ஐந்தாம் வகுப்பு. பேச்சும் அம்புட்டாக வராது. பஸ்ஸில் என் ஸ்டாப் தாண்டிப் போய்விட்டால்கூட நிறுத்தச் சொல்ல மாட்டேன். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருவேன்.

லேப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆவியைக் குளிர வைத்து, சொட்டுச் சொட்டாகப் பிடிக்கிற மிஷின் ஒன்று உண்டு. காலையில் வந்ததும் அதைப் போட்டுவிடுவது என் வேலை. சொட்டுகிற தண்ணீர் ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் சேரும். ஜாடியின் அடியில் திருகுக் குழாய். ஆராய்ச்சி பண்ணுகிற பிள்ளைகள் அந்தத் தண்ணீரில்தான் மருந்து கரைப்பார்கள். பைப் தண்ணீர் ஆகாது, கேன் தண்ணீரும் ஆகாது.

அங்கே ஒரு பெண் ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்தாள். ஆலங்குளத்துப் பக்கம் ஊர். அப்பாவுக்கு மானாவாரி நிலம், மழை பெய்தால் உண்டு. மூன்று வருசமாக அந்த மேஜையிலேயே இருந்தாள். மற்ற பிள்ளைகள் என்னைக் கண்டுகொள்வதில்லை, நானும் அதைத்தான் விரும்புவேன். அவள் மட்டும் பேசுவாள்.

மாடிப்படிக்குக் கீழே துப்புரவுக்காரர்களான நாங்கள் உட்கார ஓர் இடம் உண்டு. அங்கே ஒரு முக்காலியில் என் செப்புக்குடத்தை வைத்திருந்தேன். கல்லூரித் தண்ணீர் உப்புக் கரிக்கும் என்று, என் கல்யாணத்துக்கு வந்த குடத்தை வீட்டிலிருந்து கொண்டுபோய் வைத்தது. நல்ல தண்ணீர் பிடித்து ஊற்றி வைப்பேன். அந்தப் பெண்ணும் இறங்கி வந்து ஒரு டம்ளர் குடிப்பாள்.

"ஆயாம்மா, ஒங்க குடத்துத் தண்ணிதான் தண்ணி. மத்ததெல்லாம் என்னமோ ஈரமா இருக்கு, அம்புட்டுத்தான்" என்பாள்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு அவள் செய்கிற பொடியைக் காட்டினாள். துத்தநாகமும் கந்தகமும் சேர்ந்த வெள்ளைப் பொடி, கோலமாவு மாதிரி. இரண்டு குப்பிகள். இரண்டும் ஒரே வெள்ளை. அவற்றை ஒரு கறுப்புப் பெட்டிக்குள் வைத்து ஊதா விளக்கைப் போட்டாள். ஒன்று மங்கலாக நீலம் காட்டியது. மற்றது பச்சை. நல்ல பச்சை, நாற்று மாதிரி.

"ரெண்டும் ஒரே பொடிதான் ஆயாம்மா. பச்சையா இருக்கிறதுல மட்டும் கொஞ்சம் செம்பு போட்டிருக்கேன்."

"எம்புட்டு?"

"ஒரு குடம் மாவுல ஒரு சிட்டிகை உப்புன்னு வச்சுக்கிடுங்க. அதையும் விடக் கம்மி."

எனக்கு ஊதா விளக்கு புதுசு இல்லை. மில்லில் கடைசி வருசங்களில் அப்படி ஒரு விளக்குக்குக் கீழேதான் பஞ்சு பார்த்தோம். பகலில் பஞ்சும் வெள்ளை, சாக்குப் பையிலிருந்து பிரிந்து வந்த பிளாஸ்டிக் இழையும் வெள்ளை. விளக்கைப் போட்டால் பிளாஸ்டிக் மட்டும் பளீரென்று தெரியும். அதை எடுக்காமல் விட்டால் நூலில் போகும், துணியில் போகும், சாயம் போட்ட பிறகு அந்த இடம் மட்டும் சாயம் ஏறாமல் காட்டிக் கொடுக்கும். அது எனக்குப் பழக்கம். ஆனால் அங்கே வேற்றுப் பொருள் தான்மட்டும் மின்னும். இங்கே ஒரு துளி வேற்றுப் பொருள் மொத்தப் பொடியின் வெளிச்சத்தையே மாற்றுகிறது. அது எப்படி என்று கேட்டேன். நான் கேட்டதே பெரிய விசயம்.

அவள் மாடிப்படியைக் காட்டித்தான் சொன்னாள். பொடிக்குள் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் இருக்கின்றனவாம். ஊதா விளக்கு அவற்றைத் தூக்கி மேல்மாடியில் விடும். அவை திரும்பக் கீழே குதிக்கும்போது வெளிச்சம் வரும். உயரம் அதிகம் என்றால் ஒரு நிறம், குறைவென்றால் வேறு நிறம்.

"சுத்தமான பொடியில நடுவுல படி கெடையாது. செம்பு போட்டா அது நடுவுல ஒரு படியப் போட்டு வைக்கும். துகள் பெரிய குதியா குதிக்காம சின்னக் குதியா குதிக்கும். அப்போ நீலம் போயி பச்சை வரும்."

"இதைக் கண்டுபிடிச்சு என்ன செய்ய?"

"நீங்களும் எங்க அப்பா மாதிரியே கேக்கீங்க." சிரித்தாள். "டிவி, லைட்டு எல்லாத்துலயும் இதுதான் ஆயாம்மா. எதை எம்புட்டுப் போட்டா எந்த வெளிச்சம்னு அளந்து வைக்கணும். அதுக்கு மொதல்ல ஒண்ணுமே போடாத சுத்தப் பொடி ஒண்ணு வேணும், ஒப்பிட்டுப் பாக்க. அந்த நீலந்தான் எனக்கு உசுரு."

ஆடி மாதம் ஜாடியைக் கழுவும்போது திருகுக் குழாயைக் கொஞ்சம் அழுத்தித் திருப்பிவிட்டேன். டிக்கென்று ஒரு சத்தம். குழாய் பொருந்துகிற இடத்தில் முடி மாதிரி ஒரு கீறல். தண்ணீர் ஊற்றினால் கீறல் வழியாகக் கசிந்தது. மெதுவாகத்தான், ஆனால் நிற்கவில்லை.

போய்ச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவள் ஏதோ உடைத்ததற்கு சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் நிறுத்தி வைத்துப் பேசினாராம். அதனால் கீறல் சுவர்ப் பக்கம் போகும்படி ஜாடியைத் திருப்பி வைத்தேன். அடியில் ஒரு துணியை மடித்துச் செருகினேன். பகலில் துணி ஊறினால் பிழிந்துகொள்ளலாம். ராத்திரி முழுக்கக் கசிந்தால் தரை நனைந்து காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, ஜாடியில் மிச்சம் இருக்கிற தண்ணீரை வேறு எதிலாவது ஊற்றி வைத்து, காலையில் முதல் ஆளாக வந்து திரும்ப ஜாடியில் ஊற்றிவிட வேண்டும்.

வேறு எதில்? பிளாஸ்டிக் வாளி இருந்தது. அது தரை துடைக்கிறது. எவர்சில்வர் வாளி கேண்டீனில் இருந்து வந்தது, அதில் என்ன குழம்பு இருந்ததோ. சாமிக்கு ஊற்றுகிற தண்ணீரைச் செம்பில் வைக்கிறோம், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் செம்பில் வைத்த தண்ணீர் கொடுக்கிறோம். என் செப்புக்குடத்தை விடச் சுத்தமானது அந்தக் கட்டிடத்திலேயே இல்லை என்றுதான் நினைத்தேன். அந்தப் பெண்ணே அந்தத் தண்ணீரைத்தானே தேடி வந்து குடித்தாள்?

தினமும் சாயங்காலம் குடிதண்ணீரைக் கொட்டி, குடத்தை அந்தக் காய்ச்சிய தண்ணீரிலேயே மூன்று தரம் அலசி, பிறகு ஊற்றி வைப்பேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் புளியும் உப்பும் போட்டுத் தேய்ப்பேன். முன்பெல்லாம் மாதம் ஒரு தரம் தேய்ப்பதுதான். லேப்புத் தண்ணீர் ஆயிற்றே என்று வாரா வாரம் தேய்த்தேன். இடுப்பு விட்டுப்போகும். குடம் புதுசு மாதிரி பளபளத்தது.

என்கூட வேலை பார்த்தவள் செட்டியார்பட்டிக்காரி. என்னைவிடப் பத்து வயது இளையவள், வாய் ஓயாதவள். அவளுக்கு மட்டும் இது தெரியும்.

"யக்கா, லேப்புத் தண்ணிக்குச் செப்புக்குடம், பளபளன்னு. இதுல பாதி கவனிப்பு ஒங்க வீட்டுக்காரருக்குக் கெடச்சிருந்தா மனுசன் இன்னும் இருந்திருப்பாரு."

"ஏட்டி, மெதுவாப் பேசு."

"நான் மெதுவாப் பேசினா ஒங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

ஆவணி கடைசியில் அந்தப் பெண்ணின் நீலம் போய்விட்டது. ஒன்றுமே போடாத சுத்தப் பொடி, விளக்கில் பார்த்தால் ஓரமாகப் பச்சை காட்டுகிறது. திரும்பச் செய்தாள். திரும்பவும் பச்சை. கரண்டியை மாற்றினாள். மருந்து டப்பாவைப் புதுசாகப் பிரித்தாள். அடுப்புக்குள் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று நாள் முழுக்கச் சுரண்டினாள். என்னையும் கண்ணாடிச் சாமானெல்லாம் அமிலம் போட்டுக் கழுவச் சொன்னாள். கழுவினேன். கை பொத்துப்போகிற மாதிரி கழுவினேன்.

"எங்க இருந்தோ செம்பு வருது ஆயாம்மா. எங்க இருந்துன்னுதான் தெரியல."

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும் என்பீர்கள். எனக்கு உறைக்கவில்லை. குடத்திலிருந்து செம்பு தண்ணீருக்குள் போகும் என்று யார் நினைப்பார்? கல்யாணமான நாளிலிருந்து தண்ணீர் ஊற்றி வைக்கிறேன், குடம் என்ன கரைந்தா போயிற்று?

புரட்டாசியில் ஒரு நாள், நோட்டை வைத்துக்கொண்டு அவளாகவே பேசிக்கொண்டிருந்தாள். நான் மேஜைக்குக் கீழே துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சனிக்கிழமை செஞ்சதுதான் ரொம்பப் பச்சை. போன சனியும் அப்படித்தான். அதுக்கு முந்தின சனியும். வெள்ளிக்கிழமை செஞ்சது கொஞ்சம் தேவல." பிறகு என்னைப் பார்த்து, "எனக்குச் சனி பிடிச்சிருக்குன்னு அம்மா சொன்னாங்க, நாந்தான் நம்பல" என்றாள்.

துடைக்கிற துணி என் கையில் அப்படியே நின்றது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் புளி. சனிக்கிழமை காலையில் தண்ணீர். அந்த லேப்பில் இருந்த படிப்பெல்லாம் சேர்ந்து கண்டுபிடிக்க முடியாதது எனக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. ஏனென்றால் அந்தக் கணக்கு என் இடுப்பில் இருந்தது.

அன்றைக்குச் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. குடத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டால் போதும், நீலம் தானாகத் திரும்பிவிடும், யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். ஆனால் குடத்தை எடுத்துவிட்டால் தண்ணீரை எதில் வைப்பது? தரை நனைந்தால்? இப்படியே சுற்றிச் சுற்றி யோசித்து, ஒன்றும் செய்யாமல், சாயங்காலம் திரும்பவும் குடத்தில்தான் ஊற்றினேன். வயசான காலத்தில் புத்தி அம்புட்டுத்தான் ஓடியது.

பிறகு அவளுக்கு வழிகாட்டுகிற சார் லேப்புக்கு வந்தார். கோபக்காரர் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. நோட்டை எல்லாம் புரட்டிவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"சுத்தப் பொடியே சுத்தமா வரலன்னா, நீ இதுக்கு முன்னாடி எடுத்த அளவை எல்லாம் நான் எப்படிம்மா நம்புறது? எப்ப இருந்து கலந்துச்சுன்னு உனக்கே தெரியல. மூணு வருச ரீடிங்கும் சந்தேகந்தான். ஐப்பசிக்குள்ள காரணம் தெரியலன்னா மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

"மொதல்ல இருந்து ஆரம்பிக்க வீட்டுல விடமாட்டாங்க சார்."

"அப்போ யோசிச்சுக்கோ."

அவர் போனதும் அவள் மேஜையில் தலை வைத்து அழுதாள். அங்கே இருந்தது நான் மட்டும். மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கிறார்கள், இதோடு படிப்பு போதும் என்று அப்பா சொல்லிவிட்டார், இந்த வருசம் முடித்துவிடுவேன் என்று அவள்தான் தவணை கேட்டு வைத்திருக்கிறாள், எல்லாம் சொன்னாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகும் ஒன்பது நாள் திறக்கவில்லை.

அந்த ஒன்பது நாளும் எனக்கு மில்தான் ஞாபகம். அங்கே ஒரு தரம் ஒரு சிவப்பு நூல் பஞ்சில் போய், துணி வரைக்கும் போய், புகார் வந்தது. எங்கள் மேஜைதான் என்று கண்டுபிடித்தார்கள். எனக்குப் பக்கத்தில் நிற்கிறவள் அன்றைக்குச் சிவப்புச் சேலை கட்டியிருந்தாள். அவளைக் கழிவுப் பஞ்சு அறைக்கு மாற்றிவிட்டார்கள். தூசி மண்டிய அறை. நூல் அவளுடையது இல்லை. என் ரவிக்கையின் கை ஓரத்துச் சிவப்பு நூல் பிரிந்திருந்ததை வீட்டுக்குப் போய்த்தான் பார்த்தேன். மறுநாள் சொல்லலாம் என்று போனேன். சொல்லவில்லை. அவள் இருமி இருமியே மூன்று வருசத்தில் வேலையை விட்டு நின்றுகொண்டாள். இப்போதும் எப்போதாவது பஸ் ஸ்டாண்டில் பார்ப்பேன். என்னைப் பார்த்தால் அவளுக்கு அம்புட்டுச் சந்தோசம். நான்தான் பஸ் வந்துவிட்டது என்று ஓடுவேன்.

பத்தாம் நாள் சார் அறை வாசலில் போய் நின்றேன்.

"என்னம்மா? குப்பையா? அந்தா இருக்கு" என்று கூடையைக் காட்டினார்.

கூடையை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வந்தேன். காலி கூடையை வைத்துவிட்டுத் திரும்பவும் நின்றேன்.

"இன்னும் என்னம்மா?"

கீழே போனேன். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறினேன். மூச்சு இழுத்தது. அவர் மேஜை மேல், காகிதங்களுக்கு நடுவே, குடத்தை வைத்தேன்.

"சார், செம்பு இதுல இருந்துதான் வருது."

அவர் குடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். லேப்புக்குப் போய் ஜாடியை நானே திருப்பிக் காட்டினேன். கீறல், துணி எல்லாம்.

"எப்ப இருந்து?"

"ஆடியில இருந்து சார்."

"தேய்க்கிறது?"

"வெள்ளிக்கிழமை. புளி போட்டு. சுத்தமா இருக்கட்டும்னுதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பை அடக்கினாரா, வேறு ஏதுமா, தெரியவில்லை. "வடிச்ச தண்ணிக்குள்ள ஒண்ணுமே கெடையாதும்மா. அதனால அது எதைத் தொட்டாலும் கொஞ்சம் எடுத்துக்கிடும். குடம் கறுத்துக் கெடந்தா அந்தக் கறுப்பு கொஞ்சம் தடுத்திருக்கும். நீங்க அதையும் தேய்ச்சு எடுத்திட்டீங்க."

நான் எவ்வளவு சுத்தம் பண்ணினேனோ அவ்வளவு கெடுத்திருக்கிறேன். அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வரவில்லை. உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

அந்தப் பெண் ஜாடியின் கீறலை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "நான் ஒங்க முன்னாடிதான ஆயாம்மா அழுதேன்" என்றாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சொன்னால் மட்டும் போதாது, செய்து பார்க்க வேண்டும் என்றார் சார். வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் குடத்தை வழக்கம்போலத் தேய்க்கச் சொன்னார்கள். ஆராய்ச்சிப் பிள்ளைகள் சுற்றி நிற்க, லேப் தொட்டியில் புளியைக் கரைத்துத் தேய்த்தேன். என் வாழ்நாளில் அம்புட்டுப் பேர் என்னைப் பார்த்தது அன்றைக்குத்தான். கூச்சத்தில் கை சரியாக ஓடவில்லை. ஒரு பங்குத் தண்ணீரைக் குடத்திலும் ஒரு பங்கைப் புதுக் கண்ணாடிப் பாத்திரத்திலும் வைத்தார்கள். மறுநாள் இரண்டிலும் பொடி செய்தாள். அடுப்பில் இருந்து எடுத்துப் பார்க்கும்போது திங்கட்கிழமை மத்தியானம்.

கண்ணாடித் தண்ணீரில் செய்தது நீலம். குடத்துத் தண்ணீரில் செய்தது பச்சை.

அவள் நோட்டை எடுத்துத் தேதி தேதியாகப் பார்த்தாள். ஆடிக்கு முன்னால் எடுத்தது எல்லாம் நின்றது. அதற்குப் பிந்தியது மட்டும் போனது. மூன்று வருசம் தப்பித்தது, மூன்று மாதம் போயிற்று. சார் அவள் அப்பாவுக்குப் போன் பண்ணிப் பேசினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். தை வரைக்கும் தவணை கிடைத்ததாம்.

என்னை லேப்பில் இருந்து மாற்றிவிட்டார்கள். சூப்பர்வைசர் திட்டவில்லை. "பெரியம்மா, கண்ணாடிச் சாமான் இல்லாத எடமா பாத்துக்கிடுவோம்" என்றார், அவ்வளவுதான். நூலகத்து வராண்டா. நீளமானது. செத்த நேரம் உட்கார ஒரு மூலையும் கிடையாது.

செட்டியார்பட்டிக்காரி விடுவாளா? "மூணு மாசம் பேசாம இருந்தீக, இன்னும் மூணு மாசம் பேசாம இருந்தா என்னவாம்? இப்பப் பாருங்க, ரோடு மாதிரி கெடக்கு வராண்டா" என்றாள். சொல்லிவிட்டு அந்தப் பக்க முனையில் இருந்து அவளே கூட்டிக்கொண்டு வந்தாள்.

அந்தப் பெண் என்னோடு பேசுவது நின்றுபோனது. வராண்டாவில் எதிரே வந்தால் தலையசைப்பாள். நானும் கூட்டுகிறதை நிறுத்தி ஒதுங்கிக்கொள்வேன். தண்ணீர் குடிக்க மாடிப்படிக்குக் கீழே அவள் வருவதில்லை. குடமும் அங்கே இல்லை. வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். தேய்ப்பதை விட்டுவிட்டேன், கறுத்துக் கிடக்கிறது.

தையில் அவள் எழுதியதை எல்லாம் தடிமனாக அட்டை போட்டுக் கொடுத்தாள். மறுநாள் வராண்டாவுக்கு வந்து, "ஆயாம்மா, மேல வாங்க" என்றாள். இரண்டு மாடி ஏறுவதற்குள் நான்கு இடத்தில் நின்றேன். அவளும் நின்றாள்.

கறுப்புப் பெட்டிக்குள் இரண்டு குப்பிகளை வைத்து விளக்கைப் போட்டாள். நீலம். பச்சை. பழைய மாதிரியே.

"பச்சையா இருக்கிறது ஒங்க குடத்துது. சார் அதையும் புத்தகத்துல போடச் சொல்லிட்டாரு. எப்படிக் கலந்துச்சு, எப்படிக் கண்டுபிடிச்சோம்னு ரெண்டு பக்கம்." பிறகு, "எனக்குக் கோபம் இன்னும் போகல ஆயாம்மா. ஆனா நீங்க வந்து சொல்லலன்னா நான் இந்நேரம் ஊருல இருப்பேன்" என்றாள்.

"கோபம் இருக்கட்டும் தாயி" என்றேன்.

விளக்கை அணைத்து, குப்பிகளை வெளியே எடுத்து மேஜையில் வைத்தாள். பகல் வெளிச்சத்தில் இரண்டும் ஒரே வெள்ளை. எது எது என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. குப்பியைத் திருப்பிச் சீட்டைப் பார்த்துத்தான் சொன்னாள். அந்த அலமாரி முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் எண்ணுமாகச் சீட்டுகள். அந்த ஒன்றில் மட்டும் தமிழில் 'குடம்' என்று எழுதி ஒட்டியிருந்தாள். எழுத்துக் கூட்டி நானே வாசித்தேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன். நேரம் ஆகவில்லை. மெதுவாகத்தான் படி இறங்கினேன்.

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது அந்த மில்காரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையால் பெஞ்சைத் தட்டி இடம் காட்டினாள். போய் உட்கார்ந்தேன். "என்ன மதினி, இன்னைக்கு ஓடல?" என்று இருமிக்கொண்டே சிரித்தாள். கால் வலித்தது. எங்கே இருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவள் பஸ் வர இன்னும் நேரம் இருந்தது.

"ஒரு சிவப்பு நூல் வந்துச்சே, ஞாபகம் இருக்கா?" என்றேன்.